உப்புக்காற்றில் ஓடும் வண்டி: எஞ்சின் பிசுக்கை எடுக்கும் முறை

பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் மீன் ஏற்றி ஓடும் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எஞ்சினைப் பாருங்கள். பொன்னேரிக்கு மேற்கே நெல் மூட்டை ஏற்றும் அதே வண்டியில் படிவது ஆயிலும் புழுதியும்தான். இங்கே படிவதில் சரக்கு அதிகம்: செயினிலிருந்து தெறித்த கிரீஸ், சீல் வழியாகக் கசிந்த ஆயில், முன்சக்கரம் வாரியிறைத்த மணல், கூடையின் அடியில் சொட்டிய மீன்தண்ணீர், ஐஸ் கரைந்த நீர், இத்தனைக்கும் மேலே உப்பு. எக்ஸ்எல்லில் சுமை வைக்கும் இடத்துக்குக் கீழேயே எஞ்சின் இருப்பதால் சொட்டுவதில் பாதி அதன் தலையில்தான் விழுகிறது. ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் சிலிண்டர் கிட்டத்தட்ட படுத்த வாக்கில் முன்சக்கரத்தைப் பார்த்திருக்கிறது. மணல் மூடிய குப்பத்துப் பாதையில் ஒரு நடை போய்வந்தாலே ஃபின்களுக்கு நடுவே மணல் சேர்ந்துவிடும். சூட்டில் வெந்து இறுகிய இந்தக் கலவையை எடுப்பது எப்படி, எடுத்த கசடு ஏரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற இரண்டையும் இந்த அத்தியாயம் சொல்கிறது. பழவேற்காட்டில் இரண்டும் ஒரே வேலை.

முதலில் ஒரு நம்பிக்கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். "பிசுக்கு இருந்தா இரும்பு தாங்கும் அண்ணே, கழுவினாத்தான் துரு புடிக்கும்" என்று கடலோர ஊர்களில் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. சுத்தமான உலோகத்தின் மேல் பூசிய சுத்தமான எண்ணெய்ப் படலம் ஈரத்தைத் தடுக்கும். ஆனால் எஞ்சினில் இருப்பது சுத்தமான எண்ணெய் கிடையாது. மணலும் உப்பும் ஊறிய மண்டி அது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே நீர்த்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் குறைவான ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். ஒருபக்கம் ஏரி, ஒருபக்கம் கடல் என்று கிடக்கும் ஊரில் இரவு முழுக்க அந்தப் பிசுக்கு உள்ளுக்குள் நனைந்தே இருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் தெரியும். அடியில் உப்புத்தண்ணீர் உலோகத்தை ஒட்டிக்கொண்டிருக்கும்.

எஞ்சின் உடம்பு அலுமினியக் கலவை. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் உண்டு. அதுதான் அதன் கவசம். உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலைப் பொத்தல் போட்டு உள்ளே இறங்கும். பெயின்ட் உப்பி, அடியில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரிப்பு தொடங்கிவிட்டதற்கு அதுவே அடையாளம். இரும்பு போல்ட்டும் அலுமினிய உடம்பும் சேரும் இடங்களில் உப்புத்தண்ணீர் புகுந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வருவதும், மேக்னெட் கவர் ஸ்க்ரூ தலை உடைவதும் இதனால்தான்.

இன்னொரு கேடு சூடு. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் கால்பங்கு போலத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும், ஏர்கூல் வண்டிகளில் சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்கள் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். ஃபின்களின் இடுக்கு காற்றுக்கான வழி. அங்கே ஆயிலும் மணலும் அப்பிக்கொண்டால் காற்று உலோகத்தைத் தொடாது. நூறு சிசிக்குள் இருக்கும் எஞ்சின், பின்னால் இரண்டு ஐஸ் பெட்டி, எதிர்க்காற்று, மே மாத வெயில். இந்த நிலையில் இடுக்கு அடைபட்டிருந்தால் ஆயில் சூடேறி நீர்த்துப்போகும். கேஸ்கெட்டும் சீலும் இறுகிக் கசியும். கசிவு இன்னும் அதிகப் பிசுக்கைக் கொண்டுவரும். கழுவுவதை அழகுக்கான வேலை என்று நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது.

எப்போது கழுவுவது? மீன் ஏற்றும் வண்டியென்றால் அன்றன்றைக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீரை, எஞ்சின் ஆறிய பிறகு, சொட்டிய இடத்தில் ஊற்றிவிடுங்கள். முழுப் பிசுக்கெடுப்பு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒன்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றுக்கு நல்ல சமயம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களில் காசிமேட்டுப் பக்கம் போய்வரும் நடை குறையும். வண்டியை அரைநாள் நிறுத்தி வேலை பார்க்க முடியும். வெயிலில் காயவும் செய்யும்.

தண்ணீரைப் பற்றி

இந்த ஊரில் கழுவும் முறையைவிட முக்கியமானது எதைக் கொண்டு கழுவுகிறோம் என்பது. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஏரித்தண்ணீர் மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் வந்து நீர்த்திருக்கும். கோடையில் முகத்துவாரம் தூர்ந்து அடைபட்டால் கடலைவிடவும் உப்பேறிவிடும். கரையோரத்தில் வண்டியை இறக்கி ஏரித்தண்ணீரை வாரியடித்துக் கழுவினால், அழுக்கு போன இடத்தில் உப்பு உட்கார்ந்துகொள்ளும். போர் தண்ணீரும் பல தெருக்களில் உவர்தான். ஆர்.ஓ. மிஷினில் கழிவாக வெளியேறும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதில் உப்பு செறிந்திருக்கும்.

சோதிக்க எளிய வழி உண்டு. கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டில் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வையுங்கள். காய்ந்த பிறகு வெள்ளை வளையம் கெட்டியாக நின்றால் அது முதல் அலசலுக்கு மட்டும் ஆகும். கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர்க் குழாய் நீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஒரு குடம் தனியாக எடுத்து வையுங்கள். இங்கே குடிதண்ணீர் எவ்வளவு அருமை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பிசுக்கை முதலில் காய்ந்த நிலையிலேயே எடுத்துவிட்டால் ஒரு குடத்துக்கு மேல் தேவைப்படாது. அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்கள் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி உப்பை வெளியேற்றுவது வழக்கம். வண்டிக்கும் அதே கரிசனம் வேண்டும்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

மெக்கானிக் கடைகளில் காலங்காலமாகப் பிசுக்கெடுக்க மண்ணெண்ணெயோ டீசலோதான். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது குறைந்துபோன பிறகு டீசல்தான் பெரும்பாலும். இரண்டும் வேலை செய்யும். ஒரு டீ கிளாஸ் அளவு போதும். பிரஷால் தொட்டுத் தடவும் பொருள் அது, பீய்ச்சி அடிப்பதற்கு இல்லை. கடையில் விற்கும் டிகிரீசர் ஸ்ப்ரேயும் நல்லதுதான். வாங்கும்போது அலுமினியத்துக்கும் பெயின்ட்டுக்கும் ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோலைக் கொண்டு கழுவாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு மனமில்லை. மண்ணெண்ணெயும் டீசலும் ஓரளவு சூடானால்தான் பற்றக்கூடிய ஆவி விடும். பெட்ரோலோ எந்தக் குளிரிலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய், பத்தடி தள்ளி பீடி பிடிப்பவரிடமோ, மீன் வறுக்கும் அடுப்பிலோ நெருப்பைத் தேடிக்கொள்ளும். ஓலைக் கூரையும் நைலான் வலையும் நெருக்கமாக இருக்கும் தெருவில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. ரப்பர் சீல்களையும் பெட்ரோல் கெடுக்கும்.

சலவை சோடா, காஸ்டிக் சோடா, கழிப்பறை ஆசிட் மூன்றும் எஞ்சின் பக்கமே வரக்கூடாது. சோடா போட்டுக் காய்ச்சிய அலுமினிய குண்டான் கறுத்துப்போவதை வீட்டுப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள். அதே அலுமினியம்தான் எஞ்சினும். காஸ்டிக் அதைக் கரைத்தே விடும். ஆசிட் முதல் நாள் பளபளப்பைத் தரும், பிறகு குழி குழியாக அரிக்கும். புளியும் எலுமிச்சையும் பித்தளைக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

சோப்புக்கு வண்டி ஷாம்பு இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் தலைக்குப் போடும் ஷாம்பு பாக்கெட் இரண்டு. பாத்திரம் துலக்கும் திரவத்தில் கெட்டியாவதற்காக உப்பு சேர்ப்பதுண்டு. அதைப் பயன்படுத்தினால் அலசலில் கஞ்சத்தனம் கூடாது.

கருவிகள் வீட்டிலேயே இருக்கின்றன: இரண்டு பழைய பல் பிரஷ், ஒரு இரண்டு இஞ்சு பெயின்ட் பிரஷ், நிறைய பனியன் வேஸ்ட், ஒரு பிளாஸ்டிக் ட்ரே. பழைய ஐந்து லிட்டர் ஆயில் கேனை நீளவாக்கில் அறுத்தால் ட்ரே தயார். சுரண்டுவதற்கு ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். அது பெயின்ட்டைக் கீறும், கீறிய இடத்தில் உப்பு இறங்கும். பனைமட்டையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நுனியை உளிபோலச் சீவிக்கொள்ளுங்கள். பிசுக்கைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம், அலுமினியத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. பனையோலைப் பெட்டி முடையும் ஊரில் மட்டைக்குப் பஞ்சமில்லை. மெல்லிய குச்சி ஒன்று ஃபின் இடுக்குக்கு. கைக்கு நைட்ரைல் கையுறை போடுங்கள். மீன்முள் குத்திய கீறல்களோடு இருக்கும் கையில் பழைய ஆயில் படுவது நல்லதல்ல. எரிந்த எஞ்சின் ஆயில் நாள்பட தோலில் பட்டால் புற்றுவரைக்கும் கொண்டுபோகக் கூடியது.

வேலை

இடம் முதலில். ஏரிக்கரை, கால்வாய் ஓரம், கிணற்றடி, கைப்பம்பு மேடை எதுவும் ஆகாது. மேடான, நிழலான, கொஞ்சம் கெட்டித்தரையான இடமாகப் பாருங்கள். கீழே ஒரு பழைய தார்ப்பாய் விரித்து, மர அறுவை மில்லில் கிடைக்கும் மரத்தூளை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, அதன் மேல் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சிந்துவதை மரத்தூள் குடித்துக்கொள்ளும். மணலில் நேரடியாகச் செய்தால் எல்லாம் உடனே கீழே இறங்கும். இந்த ஊரில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை.

எஞ்சின் ஆறட்டும். உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும் நிலைதான் சரி. கொதிக்கும் எஞ்சினில் டீசல் தடவினால் புகையும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் இடுக்கிலும் பிரீதர் குழாயிலும் தண்ணீரை உள்ளே இழுக்கும். முழுக்கக் குளிர்ந்துவிட்டால் பிசுக்கு கல்லாகியிருக்கும். அப்போது இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு மூட வேண்டியதை மூடுங்கள். சைலன்சர் வாயில் ஒரு துணி உருண்டை. ஏர் ஃபில்டர் வாய்க்கு பாலிதீன் கவர், ரப்பர் பேண்டு. பிளக் கேப் நன்றாக அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூவல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. அதைச் சுற்றியும் சைலன்சர் குழாயின் மேலும் சென்சார் கனெக்டர்கள் இருக்கும். அவற்றைப் பாலிதீனால் சுற்றிவிடுங்கள். உப்புத்தண்ணீர் அங்கே புகுந்தால் பச்சைக் களிம்பு பிடித்து, ஒருநாள் காலையில் வண்டி காரணமில்லாமல் மக்கர் செய்யும்.

மூடுவதற்கு முன்போ பின்போ, கழுவுவதற்கு முன் நிச்சயமாக, ஒரு ஐந்து நிமிடம் பிசுக்கைப் படியுங்கள். எங்கே காய்ந்து கிடக்கிறது, எங்கே ஈரமாகப் பளபளக்கிறது? ஈரமான இடம்தான் கசிவுக்குப் பக்கம். ஆயில் கீழ்நோக்கி ஒழுகும், காற்றில் பின்னோக்கித் தள்ளப்படும். ஆகவே ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்னாலிருக்கும் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்து வைத்தால் மெக்கானிக்கிடம் காட்டலாம். கழுவிவிட்டால் இந்தச் சாட்சி அழிந்துவிடும்.

இப்போது சுரண்டல். ஒரு சொட்டுத் திரவமும் இல்லாமல், பனைமட்டையால் காய்ந்த மண்டியைப் பெயர்த்து ட்ரேயில் தள்ளுங்கள். ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றத் தெரிந்தால் கழற்றிவிடுங்கள்; இந்த ஊர் வண்டிகளில் மிக அதிகமான கசடு அதற்குள்தான் இருக்கும். கிரீஸும் மணலும் சேர்ந்து களிமண்ணாக அடைந்திருக்கும். மணல் கலந்த அந்தக் கிரீஸ் செயினோடு ஒவ்வொரு சுற்றும் போய் ஸ்ப்ராக்கெட் பல்லை அரைத்துத் தின்கிறது. கையளவு எடுத்துப் போட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. எஞ்சின் அடிப்பக்கம், டிரெயின் போல்ட்டைச் சுற்றி, கியர் லீவர் தண்டுக்குப் பின்னால் என்று நிதானமாக வாருங்கள். இந்தக் காய்ந்த சுரண்டலுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு டீசலும் தண்ணீரும் மிச்சம்.

மீன்தண்ணீர் பட்ட இடங்களுக்கு ஒரு தனிக் கவனம். மீனின் ரத்தத்திலும் வழும்பிலும் இருப்பது புரதம். சூடு பட்டால் இறுகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெந்நீர் ஊற்றிக் கழுவும் யோசனை வேண்டாம். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து, பிறகு துடைத்தெடுங்கள். டீசல் இதைக் கரைக்காது. தண்ணீரும் சோப்பும்தான் கரைக்கும்.

மிஞ்சிய எண்ணெய்ப் பிசுக்குக்கு டீசல். பெயின்ட் பிரஷை நனைத்து, உதறி, மேலிருந்து கீழாகத் தடவுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். பிறகு பல் பிரஷால் தேய்த்து, ஒழுகுவதை ட்ரேயில் பிடியுங்கள். ஃபின்களின் இடுக்கில் துணி சுற்றிய குச்சியை விட்டு இழுங்கள். ஸ்ப்ராக்கெட் தண்டின் ஆயில் சீல் உதட்டில் பிரஷை அழுத்தாதீர்கள். மணலை உள்ளே தள்ளிவிடும். பின் டிரம்மிலும் பிரேக் பக்கத்திலும் டீசல் தெறிக்காமல் ஒரு அட்டையை மறைவாக வையுங்கள். எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது.

அடுத்தது பெரும்பாலோர் தவறவிடும் படி. டீசல் தடவியவுடன் சோப்புத்தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் பனியன் வேஸ்ட்டால் டீசலை முழுக்க ஒற்றித் துடைத்தெடுங்கள். காரணம் இது: எண்ணெயும் தண்ணீரும் தனித்தனியாக இருந்தால் எண்ணெய் மேலே மிதக்கும், வழித்தெடுக்கலாம். சோப்பு சேர்ந்துவிட்டால் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து பால்போலக் கலந்துவிடும்; பிறகு அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க வீட்டில் வழி கிடையாது. ஆகவே சோப்பு எஞ்சினைத் தொடும்போது அங்கே எண்ணெய் மெல்லிய படலமாக மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும். அந்தப் படலத்தையும் விட்டுவைக்கக் கூடாது. டீசல் பூச்சு மிஞ்சினால் மறுநாளே மணலை ஈர்த்து வைத்துக்கொள்ளும்.

ஷாம்புத் தண்ணீர் அரை வாளி. பிரஷால் நுரை வரத் தேய்த்து, முதலில் கிடைக்கும் தண்ணீரில் அலசி, கடைசியாக எடுத்து வைத்த குடத்து நீரை மெதுவாக மேலிருந்து வழியவிடுங்கள். போல்ட் தலைகளின் குழிகளிலும் ஃபின் இடுக்குகளிலும் நீர் ஓடிப்போக வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டால் சிரமமில்லையே என்று கேட்கலாம். ஃபோம் வாஷ் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுத்தமான நீர்வீச்சு பிசுக்கோடு சேர்த்து மணலையும் பேரிங், ஆயில் சீல், கனெக்டர் இடுக்குகளுக்குள் அடித்து ஏற்றும். விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், முனையை இரண்டு மூன்று அடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கர நடுவிலும் சீட்டுக்கு அடியிலும் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

அலசியதும் பழைய துணியால் துடைத்து, மூடியவற்றையெல்லாம் அவிழ்த்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். இடுக்கு ஈரம் அந்தச் சூட்டில் போகும். சைலன்சர் துணியை எடுத்துவிட்டீர்களா என்று ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒருமுறை பாருங்கள். ரோட்டில் இறங்கும் முன் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு போல்ட் தலைகள், ஸ்டாண்டு ஸ்பிரிங், கிக்கர் மூட்டு ஆகியவற்றில் துணியில் தொட்ட சுத்தமான மெல்லிய எண்ணெயை ஒரு படலமாகத் தடவுங்கள். முதலில் சொன்ன நம்பிக்கையின் உண்மையான பாதிக்கு இங்கேதான் இடம். ஃபின்களில் எதுவும் தடவ வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், காறிப்போய்ப் பசையாகும். செயினுக்கு 90 கிரேடு கியர் ஆயிலைப் பிரஷால் உள்பக்கமாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் சுற்றும்போது தெறிக்காது.

ட்ரேயில் இருப்பது

இப்போது ட்ரேயில் கறுப்பாக ஒரு டம்ளர் திரவமும் கொஞ்சம் மண்டியும் இருக்கும். இதை எங்கே கொட்டுவது என்பதில்தான் எனக்கு உண்மையான அக்கறை.

எண்ணெய் தண்ணீரில் என்ன செய்யும் என்று இந்தக் கரைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அதைக் கரையில் நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் பிசுக்கேறின. அலையாத்திச் செடிகளின் வேர்களில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. அதே பக்கிங்காம் கால்வாய்தான் வடக்கே வந்து பழவேற்காடு ஏரியைத் தொடுகிறது. அந்தக் கொடுமைக்குக் காரணம் பெரிய கைகள். அவர்களை நோக்கி நியாயம் கேட்கும் ஊர், தன் வண்டிக் கசடை ஏரிக்கரையில் கொட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது. சிந்திய எண்ணெய் நீர்மேல் மிக மெல்லியதாகப் பரவி, காற்று நீரில் கரைவதைத் தடுக்கும். கரையோரச் சேற்றில் ஊறி நெடுநாள் தங்கும். இறால் குஞ்சுகளும் நண்டுக் குஞ்சுகளும் வளர்வது அந்தக் கரையோரத்தில்தான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் நடமாடுவதும் அங்கேதான். பாடு முறையில் இன்றைக்கு யார் வலை எங்கே என்று ஊர் கூடிப் பங்கு வைத்துக்கொள்ளும் தண்ணீர் அது. மீனில் டீசல் வாடை ஏறிவிட்டால் எந்த வியாபாரியும் எடுக்க மாட்டார்.

ஆகவே திரவத்தைப் புனல் வைத்து ஒரு பழைய பாட்டிலில் ஊற்றி, மூடி, இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். குடிதண்ணீர் பாட்டில் வேண்டாம், குழந்தைகள் குடித்துவிடும் ஆபத்து உண்டு. ஆயில் கேனே நல்லது. மணலும் கசடும் அடியில் இறங்கும். மேலே தெளிந்த டீசலை அடுத்த முறைக்கு வடித்துக்கொள்ளலாம். அடிக்கசடை, ஆயில் மாற்றும்போது வடியும் பழைய ஆயிலோடு சேர்த்து, பழைய ஆயில் டிரம் வைத்திருக்கும் மெக்கானிக் கடையில் கொடுங்கள். அந்த டிரம்கள் மறுசுத்திகரிப்புக்குப் போக வேண்டியவை. பயன்படுத்திய ஆயிலை 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அபாயக் கழிவாகவே கணக்கிடுகின்றன. பழைய ஆயிலைப் படகுப் பலகைக்குப் பூசுவதும் ஏரியில் ஊற்றுவதும் ஒன்றுதான், கொஞ்சம் தாமதமாக நடக்கும், அவ்வளவே. எண்ணெய் குடித்த மரத்தூளையும் துணியையும் காயவைத்து, அடுப்பில் போடாமல், ஒரு மூட்டையாகக் கட்டி அதே கடையில் கேட்டுப் பாருங்கள். எடுக்காவிட்டால் குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். நாலு வீட்டு வண்டிகளை ஒரே நாளில் ஒரே தார்ப்பாயில் வைத்துச் செய்தால் கசடைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒரே நடையில் முடியும்.

புயல் வெள்ளத்தில் எஞ்சின் முங்கிய வண்டிக்கு இந்த முறை பொருந்தாது. அதை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. தள்ளிக்கொண்டே போய், நல்ல தண்ணீரில் வெளிப்பக்க உப்பை அலசி, பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடியுங்கள். ஆயில் பாலாடை நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. உள்ளே போனது உப்புத்தண்ணீர் என்றால் பேரிங்கில் துரு பூக்க ஒரு வாரம்கூட வேண்டாம். அன்றைக்கே மெக்கானிக்கிடம் சேர்த்துவிடுங்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பது

பிசுக்கு எடுத்த எஞ்சின் நல்ல சாட்சி சொல்லும். அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, முன்பு ஈரமாகக் குறித்து வைத்த இடத்தைச் சுற்றி முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள். பொன்னேரி வரை போய்த் திரும்பி வந்து பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு.

டேப்பெட் கவர் விளிம்பில் தொடங்கினால் பெரும்பாலும் ஒரு ரப்பர் ஓ-ரிங் மட்டுமே, சின்ன வேலை. டிரெயின் போல்ட்டில் என்றால் அடியிலுள்ள வாஷரை மாற்றினால் போதும்; கசிகிறதே என்று போல்ட்டை இன்னும் முறுக்காதீர்கள், அலுமினிய மரை போய்விடும். கியர் லீவர் தண்டு, கிக்கர் தண்டு, ஸ்ப்ராக்கெட் தண்டு ஆகியவற்றில் என்றால் ஆயில் சீல். மணல் ஊரில் ஸ்ப்ராக்கெட் சீல்தான் முதலில் தேயும், கவருக்குள் அடைந்த மண்டியை விட்டுவைத்த வண்டிகளில் இன்னும் சீக்கிரம். சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கோடு தெரிந்தால் கேஸ்கெட் போயிருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லில் சைலன்சர் இணைப்பில் கறுப்பாக ஒழுகினால் பயப்பட வேண்டாம். பெட்ரோலோடு கலந்த ஆயில் முழுக்க எரியாமல் வெளியே வருவது அது. இணைப்பு வாஷரைப் பாருங்கள், ஆயிலைச் சரியான அளவில் கலக்கிறோமா என்றும் பாருங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது "எஞ்சின்ல ஆயில் அடிக்குது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எஞ்சினை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்ற பதில் வரும், செலவும் அப்படியே வரும். "அண்ணே, செயின் பக்கம் ஸ்ப்ராக்கெட் சீல்ல கசியுது, பவுடர் போட்டுப் பாத்துட்டேன், டேப்பெட் பக்கம் காஞ்சிருக்கு" என்று சொல்லி, கழுவுவதற்கு முன் எடுத்த படத்தையும் பவுடர் நனைந்த படத்தையும் காட்டுங்கள். சீலை மாற்றியதும் அதே இடத்தில் மறுபடி பவுடர் தூவி இன்னொரு முறை பொன்னேரிக்குப் போய்வாருங்கள்.